ஒன்று என்றால் சௌக்கியம்

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஹிந்தி பேச மட்டும்தான். போனில் வருவதெல்லாம் ஹிந்தி. துவாரகாவில் நான் சமைக்கும் வீட்டு அம்மாதான் படித்துச் சொல்வார். கேஸ் மெசேஜ், பேங்க் மெசேஜ், எல்லாம்.

திங்கட்கிழமை வருவதை மட்டும் நான் கொடுப்பதில்லை. அது ஆஸ்பத்திரியிலிருந்து வருவது. எச்.ஐ.வி. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேனா என்று பார்க்கத்தான். நோயின் பெயர் அதில் வராது, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்போம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒன்று என்றால் சௌக்கியம். இரண்டு என்றால் கஷ்டம். பதில் இல்லையென்றால் போன் செய்வார்கள். எடுக்காவிட்டால் ஆள் அறைக்கு வரும். கீழே வீட்டுக்காரி இருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை கையெல்லாம் சப்பாத்தி மாவு. போன் டிங் என்றது. அம்மாவே எடுத்துப் பார்த்தார்.

"கைசீ ஹோன்னு கேக்கறான். ஒண்ணு அமுக்கு, ரெண்டு அமுக்குங்கறான். ஃப்ராடுடி இது. அமுக்கினா பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிடும்."

"பேங்க்ல என்னம்மா இருக்கு?"

"சிரிக்காதே. பிளாக் பண்ணிட்டேன்."

மாவை உருட்டினேன்.

இனி போனும் வராது. ஆள்தான் வரும். இரண்டு நாள் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். மாத்திரையைத் தவறவிடவில்லை. அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை கேட்டுவிட்டேன். "அம்மா, அந்த நம்பர் வேணும். தெரிஞ்ச பொண்ணு."

"தெரிஞ்ச பொண்ணா? எதுக்கு ஒண்ணு ரெண்டுங்கறா?"

"எனக்கு எழுத வராதில்ல. ஒண்ணுன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

அம்மா என்னையே பார்த்தார். இந்த வீட்டில் எனக்கு டீ தனி டம்ளரில்தான். தெரிந்தால் அந்த டம்ளரும் கிடையாது.

"அச்சா. நல்ல ஏற்பாடுதான்," என்று போனை வாங்கினார். "பிளாக்கை எடுத்து விட்டாச்சு. என்ன அமுக்கட்டும்?"

"ஒண்ணு."

அமுக்கினார். உடனே டிங் என்றது. போன் இன்னும் அவர் கையில். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். அடுப்பில் சப்பாத்தி கருகியது. திருப்பிப் போட எனக்குக் கை வரவில்லை.

"தேங்க்ஸ் சொல்றாடி. மரியாதை தெரிஞ்ச பொண்ணு."

போனை என் இடுப்பில் செருகிவிட்டுப் போனார். கருகியதை எனக்கென்று எடுத்து வைத்தேன்.