ஸ்டியரிங்கில் தொங்கிய சிவப்பு அட்டை

கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கத்தியது ஒரே ஒருமுறைதான். அதுவும் ஒரு மிக்ஸிக்காக. கெட்டுப்போன மிக்ஸியைப் பிரித்துப் போட்டவர், சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். எனக்குச் சட்டை தேய்க்க வேண்டியிருந்தது. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த சுவிட்சில் அயர்ன் பாக்ஸைச் சொருகினேன். வந்து பார்த்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவருக்குச் சுரங்கத்தில், நிலக்கரியை ஏற்றிப்போகிற கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கிற வேலை. பெல்ட்டில் வேலை பார்க்க இறங்குகிற ஒவ்வொருவரும் அதன் சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுத்தான் இறங்க வேண்டும். நாலு பேர் இறங்கினால் நாலு அட்டை. கட்டியவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும். ஒரே ஒரு அட்டை மிச்சமிருந்தாலும் பெல்ட் ஓடாது, எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்றாலும் ஓடாது. இதெல்லாம் அன்றைக்கு அவர் கத்தி முடித்த பிறகு எனக்குச் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஃபேன் சுவிட்சில் அட்டை தொங்கினால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே தவிர, தொடமாட்டேன்.

எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. என் அம்மா வீடு கம்மாபுரம் தாண்டி உள்ளே இருக்கிறது. மழை பெய்தால் அந்தப் பாதையில் மாட்டு வண்டியே திணறும், இது மட்டும் உறுமிக்கொண்டு போய்விடும். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். வேலைக்காக இந்தச் சுரங்க ஊருக்கு வந்தவருக்குச் சொந்தம் என்று ஒட்டிக்கொண்டது நானும் இந்த ஜீப்பும்தான். இரண்டில் எதன்மேல் பாசம் அதிகம் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு எதற்கு வீண் சண்டை?

ஒரு மழைக்காலத்தில் சுரங்கப் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது முழங்கால் உடைந்தது. எலும்பு கூடியது, ஆனால் பழைய பலம் வரவில்லை. நடந்தார், வேலைக்குப் போனார். ஜீப்பின் பிரேக்கை அழுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்து டிரம் பிரேக், பெடல் கல் மாதிரி இருக்கும். நல்ல காலே திணறும்.

பலாப்பழ சீசனில் காடாம்புலியூர் போய்ப் பின்சீட் நிறையப் பழத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். முந்திரித் தோப்பிலிருந்து ஒரு கன்றுக்குட்டி ரோட்டுக்குத் துள்ளியது. அவர் பிரேக்கை மிதித்தார். கால் போதவில்லை. இன்னொரு காலையும் சேர்த்து வைத்து எழும்பி நின்று மிதித்தார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி, மண்மேட்டில் முட்டி நின்றது. பழங்கள் எங்கள் முதுகில் வந்து மோதின. கன்று அதுபாட்டுக்குப் போய்விட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் கொடுத்தார். "இனிமே நான் ஓட்டல."

அதற்குப் பிறகு ஜீப் நிற்கும் பக்கமே அவர் திரும்பவில்லை. கால் உடைந்து கிடந்தபோதுகூடச் சிரித்துப் பேசிய மனுஷன், சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். வண்டியை விற்றால் விற்றுக்கொள்ளட்டும். அதோடு சேர்த்து இவரும் பாதி ஆளாகிவிடுவாரோ என்பதுதான் என் பயம். அதனால் நானே பண்ருட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெறும் பிரேக்க மட்டும் பாத்துகினு இருந்தா ஆவாதுங்க. முன்னாடி ஆக்ஸிலயே மாத்திடலாம். புது மாடல் ஆக்ஸில்ல டிஸ்க் பிரேக் வருது. ஒரு பூஸ்டரும் சேத்துப் போட்டுட்டா, கால அழுத்தவே வேணாம், வச்சா போதும்ங்க."

இவர் தன் வலது முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மாத்திப் பாப்போம். அப்பவும் இந்தக் கால் கேக்கலன்னா வித்துருவோம்" என்றார்.

வேலை தொடங்கிய அன்று காலையில், எதிர்பார்த்தபடியே, ஸ்டியரிங்கில் தன் சிவப்பு அட்டையைக் கட்டினார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. அவர் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து, என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, பாவாடை நாடாவால் அதன் பக்கத்திலேயே இறுக்கிக் கட்டினேன்.

"உங்களுக்கு மட்டுந்தான் உசுரா? நானுந்தான் அந்த வண்டில குந்திகினு வந்தேன். எம் பயம் போற வரைக்கும் இது நகரக் கூடாது, ஆமா!"

மெக்கானிக் சிரித்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு ஜீப்பைப் பிரித்துப் போட்டால், சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் டவுன்ஷிப்பில் அது பொதுச் சொத்து. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் நின்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். மாடி உயர இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு ஒரு ஜீப் ஆக்ஸில் எம்மாத்திரம்! இத்தனை பேர் யோசனை சொல்லியும் முதலில் வந்த ஆக்ஸில் சரிப்படவில்லை. மெக்கானிக் சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கையால் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முன்பக்கப் பல்சக்கரமும் பின்பக்கப் பல்சக்கரமும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் சேற்றில் நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவிட்டதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுமாம். இதை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சொன்னார், குறும்புக்காரர். சரியான ஆக்ஸில் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

எல்லாம் மாட்டியானதும் பிரேக் குழாயில் காற்று எடுக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். இவர் தரையில் படுத்துக்கொண்டு, என்னை ஏறி உட்காரச் சொன்னார். ஸ்டியரிங்கில் இரண்டு அட்டைகளும் என் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தன. "மிதி... புடிச்சுக்கோ... இப்ப விடு" என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. முதலில் பெடல் சொதசொதவென்று இறங்கியது, போகப் போகத் திடமானது. எஞ்சினைப் போட்டு பூஸ்டர் வேலை செய்யத் தொடங்கியதும், செருப்பில்லாத என் காலுக்கே அது அடங்கி நின்றது. இந்தப் பெடல் அவர் காலுக்கு நிச்சயம் கேட்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அவர் கீழே படுத்திருந்ததால் பார்க்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றார். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஸ்டியரிங் பக்கம் கையைக் காட்டி, தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கிளம்பினார். இவ்வளவு செய்தும் இந்த மனுஷனுக்குப் பயம் விடவில்லையே!

நாட்கள் போயின. தினமும் சாயங்காலம் ஜீப்பைத் துடைப்பார். டயரைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே வந்து என் முகத்தைப் பார்ப்பார். பிறகு டிவி முன் உட்கார்ந்துவிடுவார். ஜீப் கண்ணாடி வழியாகச் சிவப்பு அட்டை தெரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பாவமாக இருந்தது. கழற்றி எறிந்துவிடலாம் என்று கை பரபரக்கும். மிக்ஸி ஞாபகம் வந்து அடங்கிவிடுவேன்.

மழை தொடங்கிவிட்டது. அம்மா ஃபோன் செய்து, "இன்னும் வரலியே, வண்டி ரெடியாவலியா?" என்று கேட்டதும் என் பொறுமை போய்விட்டது. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. வித்துத் தொலைப்போம். எத்தினி நாளைக்கு அந்த அட்டையத் தொங்க வுட்டுகினு இருக்கப் போறீங்க?"

அவர் எழுந்து போய், ஷிப்டுக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதில் அவர் பெயர் இருந்தது.

"காத்து எடுத்து முடிச்ச அன்னைக்கே என்னோடத எடுத்துட்டேன். அங்க தொங்குறது உன்னோடது."

அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"அதெப்படி? அட்டை போட்டவங்ககிட்டப் போயி எடு எடுன்னு அவசரப்படுத்தக் கூடாது. பயம் போற வரைக்கும்னு சொல்லித்தான கட்டின? போச்சா இல்லையான்னு உனக்குத்தான தெரியும்?"

ஆத்திரத்தில் நான் கட்டிய அட்டையை, சுரங்கத்தில் கூட வேலை பார்க்கிறவர் அட்டையை மதிப்பதுபோல் மதித்து, இந்த மனுஷன் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார். நானோ அவரைப் பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெளியே போனேன். நான் போட்ட முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் நின்றார், உதவிக்குக் கை நீட்டவில்லை.

அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன் காடாம்புலியூர் ரோட்டுக்கு விடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முந்திரித் தோப்பு ஓரம் அந்த மண்மேடு வந்ததும் பிரேக்கில் காலை வைத்தார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல், ரோட்டோடு நேராக நின்றது.

"கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்திருந்தது. பிறகு குனிந்து என் பக்கம் கீழே பார்த்தார். அங்கே பெடல் ஏதும் இல்லாத இடத்தில், என் வலது கால் தரையை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"உனக்கு?" என்று கேட்டார்.