சித்தப்பா அசைத்த சட்டை

என் தம்பியின் மகன் கைபேசியில் ஒரு குழு நடத்துகிறான். காலையில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கழகம் யாரை விற்றது, யாரை வாங்கியது என்று எழுதுவான். அதே மூச்சில் எரிபொருள் விலைக்கும் பாராளுமன்றத்துக்கும் தீர்ப்புச் சொல்லுவான். உதைபந்தாட்ட ரசிகன் ஒருவன் உலகத்தையே நடத்தத் தகுதியானவன் என்பது அவனுடைய நம்பிக்கை. இதைக் கண்டு வீட்டில் எல்லோரும் வியக்கிறார்கள். நான் வியப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இது பரம்பரை நோய்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஒரு கரும்பலகை இருந்தது. அது மாதா கோயில் மதிலில் தொங்கும். அதில் எழுதும் உரிமையை யாரும் சித்தப்பாவுக்குக் கொடுக்கவில்லை, அவர் எடுத்துக்கொண்டார். மேல் பாதியில் கழகச் செய்தி, கீழ்ப் பாதியில் நாட்டு நடப்பு. “எங்கள் பின்வரிசையால் பந்து மட்டுமல்ல, மாடும் போகலாம்” என்று மேலே எழுதினால், “பாண் வாங்கும் வரிசை நீள்கிறது. அரசாங்கத்துக்கும் பின்வரிசை சரியில்லை” என்று கீழே எழுதுவார். பூசைக்குப் போகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சித்தப்பா கடலுக்குப் போகும் மனிதர். ஆனால் அந்த வெண்கட்டியைக் கையில் பிடிக்கும்போது கதிரையில் இருக்கும் நீதவான் மாதிரி ஆகிவிடுவார்.

அந்த வருடக் கிண்ணத்தின் இறுதியாட்டம் பக்கத்து ஊர்க் கழகத்துடன். அவர்களிடம் நாங்கள் தோற்பது ஏறக்குறைய ஒரு திருநாள் வழக்கமாகிவிட்டிருந்தது. சித்தப்பா பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: “இம்முறையும் தோற்றால் இந்தப் பலகையில் நான் இனி ஒரு எழுத்தும் எழுதமாட்டேன்.” தேதியும் போட்டு ஒப்பமும் வைத்தார். பிற்காலத்தில் முப்பது வருடம் பிரதேச செயலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒப்பம் வைப்பதற்கு முன் ஒரு இரவு தூங்கி எழும்பவேண்டும். சித்தப்பா தூங்கவில்லை.

ஆட்டம் எங்கள் கடற்கரை மைதானத்தில். அது கரையில் நின்றே வலை இழுக்கும் கரைவலைக் காலம். கரையில் உயரமான பரண் ஒன்று இருக்கும். அதில் ஒருவர் ஏறி நின்று மீன் கூட்டம் தண்ணீரைக் கறுப்பாக்குகிறதா என்று பார்ப்பார். கண்டால் வெள்ளைத் துணியை அசைப்பார். உடனே தோணி வலையை இறக்கும். துணி அசைந்தால் கரையில் நிற்கும் எவரும் கயிற்றில் கை வைக்கவேண்டும், கை வைத்த எவருக்கும், அயலூரார் என்றாலும், மீனில் பங்கு உண்டு. இது எங்கும் எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டங்கள் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றப்பட்டு நான் கண்டதில்லை.

பரணில் நின்றால் கடலைத்தான் பார்க்கவேண்டும் என்பதால், அன்று பரண்காரர் ஆட்டம் பார்க்கக் கீழே இறங்கிவிட்டார். அந்த இடைவெளியில் சித்தப்பா மேலே ஏறினார். அங்கிருந்துதான் மைதானம் நன்றாகத் தெரியும். நான் ஏணியின் நடுவில் குந்தியிருந்தேன்.

நாங்கள் ஒரு கோலால் பின்னே நின்றோம். முடிய இன்னும் பத்து நிமிடம். எங்கள் ஆட்கள் பந்தைத் தேடி ஓடினார்கள், பந்து அவர்களைத் தேடவேயில்லை. சித்தப்பா சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். பிறகு அவர் சட்டையைக் கழற்றினார். வெள்ளைச் சட்டை. தலைக்கு மேலே பிடித்து ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் அசைத்தார்.

தோணி வலையோடு பாய்ந்தது. யாரோ கரையில் கூவினார்கள். எங்கள் கோல்காப்பாளர் முதலில் ஓடினார், அடுத்து அவர்களுடைய முன்வரிசை, அடுத்து இருபக்கத்துச் சனம், கடைசியாக நடுவர், ஊதுகுழல் வாயில் இருந்தபடியே. ஒரு நிமிடத்தில் மைதானத்தில் பந்து மட்டும் தனியே கிடந்தது.

இரண்டு கழகமும் ஒரே கயிற்றில் நின்று இழுத்தன. ஏலேலோ என்று ஒரு ஊர் தொடங்க மற்ற ஊர் முடித்தது. வலை ஏறியபோது அதன் மடி நிறையக் கீரி மீன், வெள்ளிபோலத் துள்ளியது. சித்தப்பா பரணிலிருந்து மெதுவாக இறங்கி, “கண்டனான்” என்று மட்டும் சொன்னார். அவருடைய முகத்தில் எல்லோரையும்விட அதிகமான ஆச்சரியம் இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் தங்கள் பங்கைக் கழக மேற்சட்டைகளில் கொட்டி, சட்டைக் கைகளை முடிச்சுப் போட்டு, பாடிக்கொண்டே தூக்கிப் போனார்கள்.

இரண்டு ஊர்ச் சட்டிகளிலும் மீன் தீர்ந்ததும் ஆட்சேபனை வந்தது. முடியாத ஆட்டத்தை மறுபடி ஆடவேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு தரப்பு வேண்டுமென்றே ஆட்டத்தைக் குழப்பினால் கிண்ணம் மற்றத் தரப்புக்கு. பக்கத்து ஊர்க் கழகத்தின் செயலாளர் மூன்று பந்தியில் எழுதியிருந்தார்: துணி மீனுக்காக அசைக்கப்படவில்லை, தோல்வியைத் தடுக்க அசைக்கப்பட்டது. நல்ல கடிதம். ஒரு சொல்லும் மிகையில்லை. அது உறுதியானால் கிண்ணமும் போகும், சித்தப்பாவின் பலகையும் போகும்.

ஞாயிறு பூசை முடிய, கோயில் விறாந்தையில் எங்கள் பாதிரியாரான பங்குச் சுவாமி தலைமையில் விசாரணை. சித்தப்பா தான் மீனைக் கண்டதாகச் சொன்னார். “வேற ஆர் பரணில நிண்டது?” என்று சுவாமி கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் முதல்முறை நற்கருணை வாங்குவதற்கான புதுநன்மை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவாமிக்குப் பொய் சொல்லுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று படத்தோடு காட்டியிருந்தார்கள்.

“சித்தப்பா கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிண்டவர், சுவாமி” என்றேன்.

சித்தப்பா தன் கால் விரல்களைப் பார்த்தார். அயலூர்ச் செயலாளர் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார்.

அப்போது எங்கள் கரைவலைச் சம்மாட்டியார், வலைக்குச் சொந்தக்காரர், எழும்பினார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

“அப்ப அது பொய்த் துணி, சுவாமி. பொய்த் துணிக்கு வெளியூர் ஆக்களுக்குப் பங்கில்லை. அண்டைக்குக் கொண்டுபோன மீனைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ. எனக்கு அவசரமில்லை. பின்னேரத்துக்குள்ள தந்தாப் போதும்.”

செயலாளர் கதிரையிலிருந்து முன்னே வந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அவருடைய தோளில் தட்டினார்கள். ஏதோ காதுக்குள் சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“சுவாமி, சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பிள்ளை ஏணியில கீழ இருந்தது. அவர் கடலைத்தான் பார்த்தவர். நானே என்ர கண்ணால கண்டனான்.”

ஆட்சேபனைக் கடிதம் அங்கேயே நாலாக மடிக்கப்பட்டுச் சட்டைப் பைக்குள் போனது. சுவாமி மறு ஆட்டத்துக்கு நாள் குறித்தார். அது இரண்டுக்கு இரண்டு என்று முடிந்து, கிண்ணம் ஊருக்கு ஆறு மாதம் என்று பிரிந்தது. தோற்கவில்லை என்பதால் பலகையும் சித்தப்பாவிடமே இருந்தது.

அன்று எனக்கோ அழுகை அடங்கவில்லை. உண்மையைச் சொன்னவள் நான். என்னைத்தான் எல்லோர் முன்னாலும் ஒன்றும் தெரியாத பிள்ளை ஆக்கிவிட்டார்கள், அதுவும் எங்கள் எதிரிகள். விறாந்தையை விட்டு இறங்கியதும் சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, ஏறக்குறைய துள்ளிக்கொண்டே நடந்தார்.

“நீ சொன்னது சரிதானடி. முதுகைத்தான் காட்டினனான்.”

“அப்ப அந்த மாமா ஏன் பொய் சொன்னவர்?”

“அதை அவையின்ர வீட்டுச் சட்டியைத்தான் கேக்கவேணும்” என்றார் சித்தப்பா.

சட்டி எப்படிக் கதைக்கும் என்று யோசித்தபடி, வீடு வரும்வரை அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.