சாலிஸ்பரிக்கு ஒரு நேர்த்தி

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். கொழும்பில் அகப்பட்ட தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அழுது கும்பிட நியூசிலாந்தின் ஓக்லாந்தில் அப்போது எங்களுக்கென்று ஒரு கோயில்கூட இருக்கவில்லை. ரானுயியில் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் இருந்தது, பக்கத்து வீட்டு இங்கிலாந்துக் கிழவி தந்த கலண்டர்தான். அதில் அவள் பிறந்த சாலிஸ்பரியின் பெரிய தேவாலயம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் அல்லவா! கையைக் கூப்பி, "என்ர தம்பி உயிரோட தப்பினால் வந்து மூண்டு தரம் சுத்துறன்" என்று நேர்ந்துவிட்டேன்.

தம்பி தப்பினான். லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு என் கணவரின் வாய்க்குத்தான் கொண்டாட்டம்.

"நேர்ந்ததுதான் நேர்ந்தீர், ஹென்டர்சனில ஒரு சேர்ச்சுக்கு நேர்ந்திருக்கக் கூடாதே? ரெயினில போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கலாம்."

"அந்தரத்தில நிண்டவளுக்குத் தூரம் தெரியுமே?" என்று சீறினேன்.

ஆனால் எனக்குள் பயம். தம்பியை அங்கே இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்ற அரசாங்கத்தின் முடிவு இன்னும் வரவில்லை. நேர்த்தியை இழுத்தடித்து, அது அவன் தலையில் விடிந்தால் நான் என்ன செய்வேன்?

மூன்று வருஷம் கழித்து லண்டனுக்குப் போய், தம்பியையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினோம். அவன் வழியெல்லாம் சிரித்தான்.

"அக்கா, தப்பி ஓடினது நான். விசா தாறது அவங்கள். இதுக்குள்ள உந்தச் சேர்ச் என்ன செய்தது?"

"வாயை மூடடா! அதுக்குக் கேட்கப்போகுது."

தேவாலயத்தை வெளியே சுற்ற வழியில்லை. ஒரு பக்கம் கட்டடங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. சரி, உள்ளே பீடத்தைச் சுற்றுவோம் என்று வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். "களவு போயிடும்" என்று என் கணவர் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அங்கே அதை எவன் எடுப்பான்!

வாசலில் நின்ற பெண் வலப்பக்கத்தால் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அது எப்படி முடியும்? சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டாமா? நான் இடப்பக்கத்தால் இறங்கினேன். எதிரே வந்த வெள்ளைக்காரர் எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு விலகினார்கள். கல் தரையில் கால் விறைத்தது.

இரண்டாம் சுற்றில் அந்தப் பெண் ஓடி வந்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். தம்பிதான் ஆங்கிலத்தில் சமாளித்தான்: அக்கா உங்கள் கோயிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

மூன்றாம் சுற்று முடிந்தது. "இவனை இஞ்சையே இருக்க விடு" என்று கண்ணை மூடிக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் தம்பி பக்கத்தில் இல்லை. இடப்பக்கத்தால் மறுபடியும் நடக்கத் தொடங்கியிருந்தான்.

"எங்கையடா போறாய்? மூண்டும் முடிஞ்சுது!"

"அது எனக்கு," என்றான், திரும்பாமலே. "அம்மா இன்னும் ஊரிலதானே அக்கா."