பூஜையில் இருந்த ஒன்பதாம் எண்

ஆயுத பூஜையன்று நான் குளித்துவிட்டு வந்தபோது தறிக்கு முன்னால் எல்லாம் வரிசையாக இருந்தன. ஊடை நூலை ஓட்டும் மூன்று நாடாக்கள், ராட்டை, அப்பாவின் கத்தரிக்கோல். கடைசியில், சந்தனம் குங்குமத்தோடு ஒரு குட்டை ஸ்குரூ டிரைவர். அதன் சிவப்புப் பிடியில் 9 என்று பெயிண்டால் எழுதியது நான்தான்.

"உன் வேலை டிரெஸ்ஸை ஊற வைக்க எடுத்தேன்மா, பாக்கெட்டுல இருந்துது," என்றாள் அம்மா. "எல்லார் ஆயுதமும் இருக்குது, உன்னுது மட்டும் இல்லாம எப்படி?"

சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கழகத்தில் நான் மெக்கானிக். வேலை முடிந்ததும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பட்டியலில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானம் நகரக் கூடாது. உள்ளே விழுந்து கிடந்தால், வாலைத் திருப்பும் கம்பியில் சிக்கிக்கொள்ளும். முந்தைய நாள் பதினான்குக்கும் டிக் போட்டிருந்தேன். ஒன்பதுக்கும்தான். ஊருக்கு வர ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

எடுக்கப் போன என் கையை அப்பா தடுத்தார். "பூஜையில வச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். உனக்குத் தெரியாதா?"

"இது இங்க இருக்குதுப்பா. மத்த பதிமூணும் எங்க இருக்குதுன்னுதான் தெரியலை."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. போன் இருந்த தெருமுனைப் பட்டுக் கடைக்கு ஓடினேன். எக்ஸ்சேஞ்சில் சொல்லி, சென்னைக்கு ட்ரங்க் கால் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தலைமை எஞ்சினியரே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"லிஸ்ட்ல உன் கையெழுத்து இருக்குதேமா. அதைப் பார்த்துத்தான் விமானத்தை விட்டேன். ஸ்டூடண்ட் மேல போய் இருபது நிமிஷம் ஆகுது."

"பார்க்காமலே டிக் போட்டுட்டேன் சார். எல்லாத்துக்கும்."

அவர் திட்டவில்லை. ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தமும் கருவிப் பெட்டியை இழுக்கும் சத்தமும் கேட்டன. உரக்க எண்ணினார். ஏழில் நின்றார். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"எட்டு," என்றது தூரத்துக் குரல். "துணிக்கடியில கிடக்குது."

பதிமூன்றும் இருந்தன. "விமானம் இறங்கிடுச்சா சார்?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்க இன்னொரு மணி நேரம். அதற்குள் இறங்கியிருந்தது.

மறுநாள் குங்குமத்தோடு அந்த ஸ்குரூ டிரைவரைக் கொண்டுபோய் எஞ்சினியரிடம் கொடுத்தேன். பட்டியலில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு வைத்திருந்தார், தான் எண்ணிக் கையெழுத்திட. ஆறு மாதம் கழித்து, "இனிமே இந்தக் கட்டம் வேணாம்மா," என்றார்.

இருக்கட்டும் என்றேன்.