செவ்வந்திச் சரத்துக்குள் செம்பு மோதிரம்

மண்டி மொஹல்லா ரேடியோப் பட்டறையில் சோதனை மேஜை மெட்டில்டாவுடையது. ரேடியோவுக்குள் ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டில் கம்பிச் சுருளைச் சுற்றுவாள். அதில் வந்து சேரும் மெல்லிய சமிக்ஞை, இரைச்சலை மீறி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று மீட்டரில் அளப்பாள். கணவன் பெர்னார்ட் காசநோயில் படுத்த பிறகு அவள் வீட்டு உலை இந்த மேஜையை நம்பித்தான் கொதித்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்த மீட்டர் அவளைக் கைவிட்டது. போன வாரம் பாடிய அதே தண்டு, இன்று சமிக்ஞையை விழுங்கிவிட்டு இரைச்சலை மட்டும் கொட்டியது. வால்வை மாற்றினாள். பற்றுவைத்த இடங்களையெல்லாம் தடவிப் பார்த்தாள். இரைச்சல் கிளப்பும் பக்கத்து மாவு மில் ஓய்ந்த பிறகும் அளந்தாள். மீட்டர் முள் ஏறவில்லை.

பிற்பகல் பெங்களூரிலிருந்து ரேடியோ வாங்குபவர்கள் வருகிறார்கள். தண்டு தேறாவிட்டால் சோதனை அறையையே மூடிவிடுவதாக முதலாளி நஞ்சுண்டசாமி காலையிலேயே சொல்லிவிட்டார்.

தண்டின் நுனியில் பூஜைக்குச் சுற்றிய செவ்வந்திச் சரம் அப்படியே இருந்தது. ரேடியோப் பெட்டி செய்யும் தச்சர் தொட்டையன் சுற்றியது. கொள்ளேகாலத்துக்காரர், அவளைத் தங்கச்சி என்றே அழைப்பவர். அவர் மனம் நோகுமே, பூ என்ன செய்துவிடும் என்று விட்டுவைத்திருந்தாள். இப்போது வேறு வழியில்லாமல் சரத்தை விலக்கினாள். உள்ளே, தண்டைச் சுற்றி ஒரு செம்பு மோதிரம்!

மேஜையருகே தன் கல்யாண மோதிரத்தையே கழற்றி வைப்பவள் அவள். மூடிய உலோக வளையம் தண்டில் ஏறினால் சமிக்ஞையின் வலுவை அதுவே தின்றுவிடும்.

அவள் விரல் அதில் பட்டதும் தொட்டையன் உளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கழட்டாத தங்கச்சி. மாதேஸ்வரன் மலையில வேண்டிக்கிட்டு, உன்ற கை தெனமும் படற எடத்துல போட்டது. உன்ற வூட்டுக்காரரு எந்திரிச்சு நடக்கற வரைக்கும் அங்கயே இருக்கோணும்."

மெட்டில்டா விரலை எடுத்துவிட்டாள். சிலுவையைக் கும்பிடுகிறவள்தான், ஆனாலும் புருஷன் உயிருக்காக ஒருவர் வைத்த வேண்டுதல் அல்லவா? தெருவில் கார் வந்து நின்றது.

"இந்த வேலை போனா அவருக்கு மருந்து ஏதுண்ணா?"

தொட்டையன் கண்களை இறுக மூடிக்கொண்டு, தானே மோதிரத்தை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

முள் ஏறியது. படியேறி வந்தவர்கள் காதொலிப்பானை ஆளுக்கு ஒரு முறை மாட்டிப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் அந்த மோதிரத்தை எடுத்துக் கணவன் விரலில் மாட்டினாள்.

"என்னடி, ரெண்டாம் கல்யாணமா?" என்றான் பெர்னார்ட், இருமலுக்கு நடுவே.

இளைத்துப்போய், கல்யாண மோதிரம் என்றோ நழுவிப்போன விரல் அது. செம்பு மோதிரமும் நிற்கவில்லை. முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, மோதிரத்தில் சுற்றி இறுக்கி, மீண்டும் மாட்டினாள்.

"என் வேலை தப்பிச்சுதுங்க. நீங்க எழுந்து நடக்கிற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.