வெதுவெதுப்பான தரை

சுக்யோங் எங்கள் அறிவியல் அருங்காட்சியகத்தில் கண்காட்சிகளைத் திட்டமிடுபவள். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. வாசலில் பார்வையாளர்களின் காலணி அடுக்கும் என்னை அக்கா என்பாள். கிம்பாப் சோற்றுச் சுருளை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவாள்.

அந்த வசந்தத்தில், பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்து, அடுத்த கண்காட்சி எதைப் பற்றி வேண்டுமென்று பலகையில் ஒட்டச் சொன்னாள். விண்வெளி, ரோபோ, டைனோசர் எல்லாம் படத்தோடு இருந்தன. கீழே காலியாக விட்டிருந்த கட்டத்தில் ஒரு சிறுமி ‘தூக்கம்’ என்று எழுதினாள். சாயங்காலத்துக்குள் அங்கே ஸ்டிக்கர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

“பசங்க கிண்டல் பண்றாங்கம்மா. விண்வெளியே வெச்சிடுவோம்” என்றார் இயக்குநர் குவாக்.

“சொன்னதைச் செய்யலேன்னா எதுக்கு சார் அவங்களக் கேட்டோம்?”

“செய்ங்க. ஊத்திக்கிச்சுன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க இடமில்ல. அப்புறம் அழுதுட்டு வந்து நிக்கக் கூடாது.”

நவம்பரில் திறந்தார்கள். பிள்ளைகள் தரையில் படுத்து, தலையில் பட்டை மாட்டி, தங்கள் மூளை அலைகளைத் திரையில் பார்த்துவிட்டு எழுந்து கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். எங்கள் கங்வொன் மாகாணத்து மலைக்குளிராயிற்றே என்று, இங்கே எல்லா வீடுகளிலும் செய்வதுபோல, தரைக்கடியில் சூடு போட்டிருந்தாள் சுக்யோங்.

முதலில் ஆறாம் வகுப்பு வந்தது. படுத்தார்கள். ஒருவரும் எழவில்லை.

திரைகளில் அலைகள் மெதுவாக, அகலமாக ஓடின. சிரிக்க வாயெடுத்த வழிகாட்டிப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். ஆசிரியை ஒரு பையனின் தோளை உலுக்கினாள். அவன் கண் திறக்காமலே, “இன்னும் ஒரு கணக்குதான் மிஸ், முடிச்சிடறேன்” என்றான். சுட்டதுபோல் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“டியூஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போகவே நடுராத்திரி ஆயிடுது” என்றாள் ஆசிரியை, யாரையும் பார்க்காமல்.

“பத்திரிகைக்காரங்க வர்றாங்க. எழுப்புங்க” என்றார் குவாக். அவர் குரலும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

சுக்யோங்கின் முகம் வெளுத்திருந்தது. “வேண்டாம் சார்.”

“ஒரு தாளாவது நிரம்பியிருக்கா? இதுக்குப் பேரு கண்காட்சியா? நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார்.”

சொல்லிவிட்டு வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். குவாக் அவளையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கிளம்பத் தாமதமாகும் என்று பேருந்து ஓட்டுநரிடம் சொல்ல வெளியே போனார்.

புத்தாண்டுக்குப் பிறகு அவள் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அறையில் விண்வெளி வந்துவிட்டது. இப்போது பிள்ளைகள் நின்றபடியே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.