அந்தோணியாரின் கிடாயைப் பிடித்தவர்

கஸ்பாரைக் காவலுக்கு வா என்று யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், தொப்பூர் மலைக்காட்டைக் காக்கச் சம்பளமில்லாத தொண்டர்கள் வேண்டும் என்று வனத்துறை கேட்டபோது, கணவாய் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்த இந்த மனிதர் தானாகப் போய்க் கையைத் தூக்கினார். கொடுத்தது ஒரு விசில். காக்கிச் சட்டையைத் தானே தைத்துக்கொண்டார். அன்றிலிருந்து டீ ஆற்றுவது பெண்டாட்டி மிக்கேலம்மாளின் வேலை. விறைப்பாக நிற்பது இவர் வேலை.

சந்தனக்கட்டை ஏற்றிய லாரிகள் அவர் கடை முன்னால்தான் நின்று போகும். அவை அவர் கண்ணில் படாது. சுள்ளி பொறுக்கும் கிழவிகள் மட்டும் அரை மைலுக்கு அப்பாலேயே தெரிவார்கள். இந்த வீரத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

எங்கள் தெரு ராஜமேரியின் புருஷன் சவரி, லாரி கவிழ்ந்து கால் விளங்காமல் கிடந்தான். அவன் நடந்தால் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போடுவதாக அந்தோணியாருக்கு நேர்ந்து, ஒரு குட்டியின் கழுத்தில் மரச்சிலுவை கட்டி அவிழ்த்துவிட்டாள். நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் கட்டமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். சவரியும் எழுந்து நடந்தான்.

திருநாளுக்கு முந்தின வாரம் கிடா காட்டுக்குள் மேய்ந்தது. அதே அந்தோணியார் கோயிலில் முழங்கால் போடுகிற கஸ்பார், விசில் ஊதி அதைப் பிடித்து, இழுத்துக்கொண்டு போய், அத்துமீறி மேய்ந்த ஆடுமாடுகளைப் பிடித்து வைக்கும் சர்க்கார் பட்டியில் அடைத்துவிட்டார்.

ராஜமேரி பதறி ஓடினாள். பட்டிக்காரர் இரக்கப்பட்டார். "என் ஆடுதான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. ஓட்டிக்கிட்டுப் போ."

"எப்பிடிங்க சொல்றது? அது அந்தோணியாருதுங்க. என்னுதுன்னு சொன்னா, குடுத்தத திருப்பி வாங்குன மாதிரி ஆயிடுமுங்க. எங்க வீட்டுக்காரரு மறுபடியும் படுத்துருவாருங்க" என்று அழுதாள். பிறகு, அங்கேயே நின்றிருந்த கஸ்பாரிடம் திரும்பினாள். "அண்ணா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

"சட்டத்துக்கு எல்லா ஆடும் ஒண்ணுதான்" என்றார் கஸ்பார்.

சொந்தம் கொண்டாட ஆளில்லாத ஆடு ஏலத்துக்குப் போயிற்று. சேலத்துக் கசாப்புக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்.

திருநாளன்று ராஜமேரி பருப்புக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். சொன்ன வாக்குத் தவறிவிட்டதே என்ற பயத்தில், பரிமாறும்போதெல்லாம் சவரியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பந்தியில் கஸ்பார். இலையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன மேரி, கறி இல்லியா?"

நேர்ச்சைச் சோற்றுக்கு உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. ராஜமேரி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதையும் பிசைந்து தின்றுவிட்டு, மோருக்குக் கையை நீட்டினார் அந்த மனுஷன்.